ஐஸ்: முதலில் போவது நித்திரை

ஐஸ் பற்றி எங்கட சனம் ரெண்டு விதமாகத்தான் கதைக்கிறது. ஒன்று பொலிஸ் செய்தி: இத்தனை மில்லிகிராமுடன் இத்தனை வயது இளைஞர் கைது. மற்றது அறிவுரை: போதையால் அழியும் சமுதாயம் என்று பள்ளிக்கூட மதிலில் எழுதி, பக்கத்தில் ஒரு மண்டையோடும் கீறி விடுவது. முதலாவதில் அந்த இளைஞருக்கு உடம்பென்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டாவதில் உடம்பு எடுத்த எடுப்பிலேயே எலும்புக்கூடாகிவிடும். இடையில் என்ன நடக்கிறது, எங்கே தொடங்கி எங்கே போகிறது, நிற்பாட்டினால் எது திரும்பி வரும் என்று கேட்டால் ரெண்டிலும் பதில் இல்லை. அதைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

'நாங்கள்' என்று இதில் எழுதுவது ஐந்து பேர். வடமராட்சிக் கரையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வரை படித்து, இப்போது கலைப்பீடத்தில் வேறு வேறு துறைகளில் இருக்கிறோம். மருத்துவம் எங்கட பாடம் இல்லை. ஆனால் எங்களுக்கு ஆறாவதாக ஒரு கூட்டாளி இருக்கிறான். ஏ.எல். முடிந்த கையோடு தகப்பன்ர படகில் கடலுக்குப் போனவன். அவனுக்கு நடந்ததை விளங்கிக்கொள்வதற்காகத்தான் இதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினோம், வைத்தியசாலையில் ஆட்களைப் பிடித்துக் கேட்கத் தொடங்கினோம். எழுதலாமா என்று அவனிட்டயும் கேட்டோம். "பேரையும் ஊரையும் விட்டிட்டு மிச்சத்தை எழுதுங்கோ" என்றான்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமைன் என்ற இரசாயனத்தின் பளிங்கு வடிவம். பார்க்கக் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பேர். நேற்று வந்த சாமான் இல்லை. ஜப்பானிய இரசாயனவியலாளர் நாகாய் நாகயோஷி 1893 இல் மெத்தம்பெட்டமைனை உருவாக்கினார். 1919 இல் அகிரா ஓகாதா அதைப் பளிங்காக எடுத்தார். 1938 இல் ஜேர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பேரில் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த மாத்திரை படையினரின் பைக்குள் போனது. 1940 இல் பிரான்ஸ் மீது படையெடுத்த காலத்தில் கோடிக்கணக்கில் கொடுத்தார்கள். ஜப்பானில் இதற்கு 'ஹிரோப்பொன்' என்று பேர். போர் முடிந்த பிறகு அங்கே பாவனை பரவி, 1951 இல் அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

எங்களில் வரலாறு படிக்கிறவள் இதை வாசித்துச் சொன்னபோது ஒரு விசயம் உறைத்தது. அன்றைக்குப் படையினருக்கு இதைக் கொடுத்தவர்கள் சந்தோசப்படுத்துவதற்காகக் கொடுக்கவில்லை. நித்திரை கொள்ளாமல், பசிக்காமல், களைக்காமல் வேலை செய்ய வைப்பதற்காகக் கொடுத்தார்கள். எங்கட கூட்டாளிக்கும் அப்படித்தான் வந்தது.

இரவுத் தொழில். பின்னேரம் போனால் விடியத்தான் கரை. மீன் படுகிற காலத்தில் அடுத்தடுத்து நாலைந்து இரவு போக வேண்டும். பகலில் வலையைச் சரிபார்க்க வேண்டும், மண்ணெண்ணெய்க்கு அலைய வேண்டும். கரையில் ஆரோ ஒருவர், "இதை ரெண்டு இழுவை இழு, நித்திரை கிட்டவும் வராது" என்று கொடுத்திருக்கிறார். வரவில்லைதான். முதல் இரண்டு மாதம் ஊரே அவனைப் புழுகியது. "பெடியன் என்ன உழைப்பு! தகப்பனை விட விண்ணன்." உடம்பு மெலிந்தபோது, "வயிறு வத்தி வடிவா வந்திட்டான்" என்றார்கள். ஐஸின் மிகப் பெரிய ஏமாற்று இதுதான். சாராயம் குடித்தவன் றோட்டில் விழுவான், எல்லாருக்கும் தெரியும். ஐஸ் பாவிக்கிறவன் தொடக்கத்தில் விழமாட்டான், நிமிர்ந்து நிற்பான். எங்கட சமூகம் எதையெல்லாம் திறமை என்று மெச்சுமோ அதையெல்லாம் கொஞ்சக் காலத்துக்குக் காட்டுவான்.

உள்ளுக்குள்ளே நடப்பது வேறு. எங்கட மூளையில் டோபமின் என்று ஒரு இரசாயனம் இருக்கிறது. பசிக்குச் சாப்பிடும்போது, நல்ல சிநேகிதரோடு சிரிக்கும்போது, பிடித்த பாட்டுக் கேட்கும்போது அது கொஞ்சமாகச் சுரக்கும். வேலை முடிந்ததும் நரம்புக் கலங்கள் அதைத் திருப்பி உள்ளே எடுத்து வைக்கும். 'இது நல்லது, திரும்பச் செய்' என்று மூளை கற்றுக்கொள்வதில் இதற்குப் பெரிய பங்கு. மெத்தம்பெட்டமைன் அந்தக் கலங்களுக்குள் புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமினை வெளியே தள்ளுகிறது. திருப்பி உள்ளே எடுக்கிற வாசலையும் எதிர்ப்பக்கமாக ஓட வைக்கிறது. இயற்கையான எந்தச் சந்தோசமும் கொடுக்காத அளவுக்கு அது கொட்டும். அதுவும் நீண்ட நேரத்துக்கு. கொக்கெய்னில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். மெத்தம்பெட்டமைனுக்குப் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். ஓர் இரவு முழுக்க முழித்திருக்க அது போதும்.

பிறகு வருவது வீழ்ச்சி. ஒரு நாள், இரண்டு நாள் எழும்பாமல் படுப்பது, எழும்பினால் அகோரப் பசி, ஒன்றிலும் மனம் ஒட்டாமை, எரிச்சல், சாக வேண்டும் போன்ற எண்ணம். அவன் எங்களிட்டச் சொன்னான்: "அம்மா புட்டும் மீன்குழம்பும் வைப்பா. வாயில வைச்சா வைக்கல் மாதிரி இருக்கும். உங்களோட வந்து இருந்தாலும் ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கும். அதை இழுத்தால்தான் மனுசன் மாதிரி." திரும்பத் திரும்பப் பாவித்தால், டோபமினைக் கையாளுகிற அந்த அமைப்பே பழுதாகிறது. ஞாபகம், கவனம், முடிவெடுக்கும் பலம் எல்லாம் அடிபடுகின்றன. 'மனம் வைத்தால் விடலாம்தானே' என்று சொல்லுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மனம் வைக்கிற உறுப்பில்தான் இங்கே காயம்.

உடம்புக்கு நடப்பதையும் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் இருபது, முப்பது வயதுக்காரருக்கும் மாரடைப்பும் பாரிசவாதமும் வரலாம். நாளடைவில் இதயத் தசையே பலவீனப்பட்டு, ஒழுங்காக இரத்தத்தைத் தள்ள முடியாமல் போகலாம். உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அளவு மிஞ்சி எடுத்து இறக்கிறவர்களில் பலர் இந்தச் சூட்டாலும் இதயத்தாலும் இறக்கிறார்கள். இதை முறிக்கிற மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. வைத்தியர்கள் ஆளை அமைதிப்படுத்தி, உடம்பைக் குளிர்த்தி, இதயத்தைக் கவனித்துத்தான் காப்பாற்றுகிறார்கள். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி. கர்ப்பிணிகள் பாவித்தால் குழந்தை குறைமாதத்தில், நிறை குறைந்து பிறக்கும் ஆபத்து.

பல்லைப் பற்றி ஆரும் கதைப்பதில்லை. ஐஸ் வாயைக் காய வைக்கும். எச்சில் இல்லாத வாயில் பல் கெதியாகச் சூத்தையாகும். பாவிக்கிறவர் தன்னை அறியாமல் பல்லை நெருமுவார், தாகத்துக்குச் சோடாவாகக் குடிப்பார், பல் துலக்க மறந்துவிடுவார். எங்கட கூட்டாளிக்கு இருபத்திரண்டு வயதில் நாலு பல் பிடுங்கியாயிற்று. ஒரு கலியாண வீட்டில் அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோதுதான் நாங்கள் அதைக் கண்டோம். கையிலும் புண் இருந்தது. தோலுக்குள்ளே பூச்சி ஓடுகிறது என்று நகத்தால் கிண்டிய புண். அந்தப் பூச்சி இல்லை என்று அவனுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அவனுக்கு அது உண்மையாகவே ஓடியது.

அடுத்தது மனநோய். கனநாள் பாவிக்கிறவர்களுக்கும், ஒரேயடியாகக் கூட எடுக்கிறவர்களுக்கும், நித்திரை இல்லாத நாட்கள் சேரச் சேர, சந்தேகம் தொடங்கும். ஆரோ பின்தொடர்கிறார்கள், ஆரோ கதைக்கிறார்கள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று. இல்லாத குரல் கேட்கும். பலருக்குப் பாவனையை நிற்பாட்டிச் சில நாளில் இது அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நீளும், பிறகு திரும்பியும் வரும்.

இது எங்கட ஊரில் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் நாலு இரவாக யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பனங்காணிக்குள்ள சிஐடி நிக்கினம். என்னைத்தான் பாக்கினம்" என்றான். வேறு ஊரில் ஒருவர் இப்படிச் சொன்னால் வீட்டுக்காரர் வருத்தம் என்று சந்தேகிப்பார்கள். எங்கட ஊரில் முதலில் போய் பனங்காணியைப் பார்ப்பார்கள். தாய் பார்த்தா. மாமா ரோச் லைற் கொண்டுபோய்ப் பார்த்தார். வீட்டு வாசலில் வந்து விசாரித்துவிட்டுப் போகிறவர்களை வருடக்கணக்காகக் கண்ட சனம். காணாமற்போனவரின் படம் தொங்குகிற வீடுகள் அந்த ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கின்றன. கண்காணிக்கிறார்கள் என்ற பயம் எங்கட ஊரில் பைத்தியக்காரத்தனம் இல்லை, அனுபவம். ஐஸ் அந்த அனுபவத்துக்குள் போய் ஒளித்துக்கொண்டது. ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகும் அது வருத்தமாகப் படவில்லை, செய்வினையாகப் பட்டது. நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள். அதற்குள் இன்னும் மூன்று கிழமை போனது.

ஒரு விடியப்புறம் அவன் தகப்பனை ஆரென்று தெரியாமல் அலவாங்கோடு நின்றான். அவன்ர அக்காதான் 1990 இற்கு அடித்தா. அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் ஊசி போட்டு, இரண்டு நாள் நித்திரை. பிறகு உளநலப் பிரிவு. அங்கே வேலை செய்கிற ஒரு அக்கா எங்களுக்கு மணிக்கணக்காக எல்லாம் விளங்கப்படுத்தினா. அவ சொன்ன ஒன்று: "பிள்ளையள், இவையைக் கொண்டுவரேக்க வீட்டுக்காரர் முதல் கேக்கிறது 'பொலிசுக்குப் போகுமோ' எண்டுதான். 'உயிர் தப்புமோ' எண்டு கேக்கிறது ரெண்டாவது."

ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதற்கு நியாயம் இருக்கிறது. 2022 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 5 கிராம் அல்லது அதற்கு மேல் மெத்தம்பெட்டமைன் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கி, ஆயிரக்கணக்கில் கைதுகள் நடந்தன. 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை இடைநிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். சிகிச்சை என்று பார்த்தால், 2007 இல் வந்த சட்டம் ஒன்று போதைக்கு அடிமையானவர்களுக்கான சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழி வைத்திருக்கிறது. ஆனால் 'புனர்வாழ்வு' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கட தாய்மாருக்கு ஞாபகம் வருவது 2009. போர் முடிந்து முன்னாள் போராளிகளைக் கொண்டுபோய் வைத்த அதே புனர்வாழ்வுப் பணியகம்தான் கந்தக்காடு நிலையத்தையும் நடத்தியது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடிய செய்தியையும் எல்லாரும் பார்த்தோம். பிள்ளையை ஆர் நம்பிக் கொடுப்பார்கள்? அப்படியே அறைக்குள் வைத்துப் பூட்டுவார்கள்.

கடத்துகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க நாங்கள் வரவில்லை. ஆர் கொண்டுவருகிறார்கள், ஆர் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் தேத்தண்ணிக் கடையில் அந்தக் கேள்வியோடு கதை முடிந்துவிடுகிறது. இது திட்டமிட்ட அழிப்பு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறோம். அழிபடுகிறவன் பக்கத்து வீட்டில் நித்திரை இல்லாமல் இருக்கிறான். அவனைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறோம். 'குடு' என்று பட்டம் வைக்கிறோம். பயத்தோடு வெட்கமும் சேர்ந்தால் ஆள் வைத்தியசாலைக்கு வருவது கடைசிக் கட்டத்தில்தான்.

நேரத்தோடு வந்தால் வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிறது. ஹெரோயினுக்கு மெத்தடோன் கொடுப்பது மாதிரி, ஐஸுக்குப் பதிலாகக் கொடுக்க நிலையான மருந்து ஒன்று இன்னும் இல்லை. மருந்துகள் பதற்றத்துக்கும் குரலுக்கும் மனச்சோர்வுக்கும் உதவும். மிச்சம் முழுக்க ஆற்றுப்படுத்தல், ஒழுங்கான தொடர் சிகிச்சை, பழைய இடத்தையும் பழைய ஆட்களையும் விட்டு நிற்பது, கூட இருக்கிற மனிதர். ஒரு வருடத்துக்கு மேல் நிற்பாட்டியிருந்தவர்களின் மூளையை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வுகளில், பழுதான டோபமின் அமைப்பு கணிசமான அளவுக்குத் திரும்பியிருந்தது. ஞாபகமும் உடல் அசைவும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. அதாவது, திரும்பி வரலாம், ஆனால் மெதுவாக. எவ்வளவு முந்தி நிற்பாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கட கூட்டாளிக்கு இப்போது பதினொரு மாதம். நடுவில் ஒருதரம் திரும்பப் பாவித்தான், தானே கிளினிக்குக்குப் போய்ச் சொன்னான். இரவுத் தொழிலுக்குப் போவதில்லை. பகலில் கரையில் மற்றவர்களின் வலையைச் சரிசெய்து கொடுக்கிறான். எண்ணிக்கொண்டு வரும்போது நடுவில் விட்டுவிடுகிறது, திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறான். இப்ப எப்படி இருக்கு என்று போன மாதம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சந்தோசம் எண்டு பெரிசா வரேல்ல. ஆனா பசி வருது" என்றான். வைத்தியசாலை அக்காவிடம் இதைச் சொன்னபோது அவவுக்கு நல்ல சந்தோசம். பசி வருவது நல்ல அறிகுறியாம்.

இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு வீட்டில், போர்டிங்கில், விளையாட்டுக் கழகத்தில் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் நித்திரையில்லாமல் உசாராக இருந்து பிறகு ஒரேயடியாக விழுந்து படுப்பது, கெதியாக மெலிவது, ஓயாமல் பல்லை நெருமுவது, தோலைக் கிண்டுவது, காரணமில்லாத சந்தேகம், காசு மாயமாவது. ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், பல சேர்ந்து வந்தால் கதையுங்கோ. அறிவுரை சொல்ல வேண்டாம், "நித்திரை கொண்டனியோ, சாப்பிட்டனியோ" என்று கேளுங்கோ. அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். உளநல உதவிக்கு 1926 இற்கு அழைக்கலாம். நெஞ்சு நோ, வலிப்பு, கொதிக்கிற உடம்பு, ஆளையே தெரியாத குழப்பம் இதில் எது வந்தாலும் உடனே 1990. அம்புலன்ஸ் வரும் வரை சனத்தைச் சுற்றி நிற்க விடாதேங்கோ. சத்தத்தைக் குறைத்து, ஈரத்துணியால் உடம்பைக் குளிர்த்துங்கோ. குப்புறப் போட்டு அமத்திக் கட்டவே வேண்டாம், அதிலேயே உயிர் போகலாம். என்ன எடுத்தான் என்பதை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, எங்களைப் போல படிக்கிறவர்களுக்கு. கம்பஸில் சோதனை நெருங்கும்போது, எத்தனை இரவு முழித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறது ஒரு பழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமைக்குள்ளேயும் இந்தச் சாமான் வரும், "படிக்க நல்லம்" என்ற பேரில். நித்திரை இல்லாத மூளை படித்ததைப் பிடித்து வைக்காது. ஐஸ் தருவது படித்துவிட்டோம் என்ற உணர்வை. கடலோ கம்பஸோ, இரவிரவாக முழித்து உழைக்கிறவனை விண்ணன் என்றும், நேரத்துக்குப் படுக்கிறவனைச் சோம்பேறி என்றும் சொல்லுகிற வரைக்கும், இதை விற்கிறவனுக்கு விளம்பரம் தேவையில்லை. அந்த வேலையை நாங்களே செய்து கொடுக்கிறோம். படுக்கிறவர்களைப் படுக்க விடுவோம்.